கொழும்பு பார்த்த கதை

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும். எல்லோரும் கல்லூரி ஞாபகங்களையே எழுதி அனுப்புகின்றனர். நீராவது வேறெதையேனும் எழுதும் என்று மலர்க்குழுவினர் பணித்திருக்கின்றனர். அதிபரின் பிரம்பைப் பற்றியும் விடுதிச் சமையலைப் பற்றியும் எழுத என்னிலும் வல்ல அன்பர்கள் பலர் உளர். ஆதலால், கல்லூரியை விட்டு நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1968 ஆம் ஆண்டிலே நான் கொழும்பு நகரைச் சுற்றிப் பார்த்த பத்து வாரங்களைப் பற்றி எழுதத் துணிகின்றேன். இக்கதையினுள்ளே எனது குற்றம் ஒன்றும் அடங்கியிருக்கின்றது. அதனை இதுவரை வீட்டாருக்கும் சொன்னதில்லை.

பேராதனையிலே பொறியியல் பயின்ற எங்களுக்கு நீண்ட விடுமுறை என்பது பெயரளவிலேதான் விடுமுறை. ஏதேனும் ஒரு வேலைத்தளத்திற்குச் சென்று, கையில் எண்ணெய் படப் பயிற்சி பெறல் வேண்டும் என்பது விதி. எனக்கு வாய்த்தது இரத்மலானைப் புகையிரத வேலைத்தளம். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா தேசம் 1954 முதலாக நமக்கு அளித்த டீசல் எஞ்சின்களை அங்கேதான் முதன்முதல் அருகில் நின்று பார்த்தேன். ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருந்தார்கள். அக்காலத்திலே ஒன்டாரியோ என்பது எங்களுக்கு ஓர் எஞ்சினின் பெயர். இன்று அதுவே நம் பழைய மாணவர் பலரின் விலாசமாயிற்று.

தங்குவதற்கு அடுத்த நிலையமாகிய கல்கிசையில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்குரியவர் ஒரு பறங்கி மூதாட்டியார். மக்கள் எல்லோரும் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டனர். அவரும் பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். ஆகவே வீட்டுத் தளபாடங்களை ஒவ்வொன்றாக விற்று வந்தார். நான் போன வாரம் கூடத்திலே ஒரு பெரிய கண்ணாடி அலுமாரியும் பியானோவும் இருந்தன. மூன்றாம் வாரம் பியானோவைக் காணவில்லை. ஐந்தாம் வாரம் அலுமாரி போயிற்று. நான் புறப்பட்ட நாளிலே, இருவரும் இரண்டு முக்காலிகளில் இருந்து தேநீர் அருந்தினோம்.

இவ்விடத்தில் இளைய தலைமுறையினருக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்நாளில் வார இறுதி என்பது சனியும் ஞாயிறும் அன்று. 1966 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 வரையும் இந்நாட்டிலே சந்திரனே விடுமுறை தந்தான். பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமிகள் ஆகிய நான்கு போயா தினங்களே ஓய்வு நாட்கள். அவற்றுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. சந்திரனோ நமது ஏழு நாட் கணக்குக்குக் கட்டுப்படாதவன். சில வாரங்களில் எட்டாம் நாளிலேதான் ஓய்வு வரும். இந்த வாரம் செவ்வாயும் புதனும் ஓய்வென்றால், மற்றொரு வாரத்தில் வேறு இரண்டு நாட்கள். வெளிநாட்டுக் கம்பனிகளுடன் கடிதத் தொடர்புடையவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கார மூதாட்டியார் ஞாயிறு தோறும், "கடவுளுக்கே லீவு இல்லாத நாடு" என்று முணுமுணுத்துக்கொண்டு அதிகாலைப் பூசைக்குப் போய்வருவார். எனக்கோ அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. இரவில் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தாலே, அடுத்த சுற்றுலாவுக்கு எத்தனை நாள் இருக்கிறதென்று தெரிந்துவிடும்.

இனிக் குற்றத்தின் தொடக்கத்துக்கு வருகின்றேன். என் தந்தையார் கொழும்பிலே ஓர் அரசாங்கக் கந்தோரில் இருபத்தாறு ஆண்டுகள் லிகிதராக இருந்தவர். கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குச் சமீபமான ஓர் ஒழுங்கையிலே, யாழ்ப்பாணத்து லிகிதர்கள் சிலர் கூடி வாடகைக்கு எடுத்த ஒரு சமறியில் வாழ்ந்தார். நாங்கள் ஊரிலே வளர்ந்தோம். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும், கையில் ஒரு பெட்டி அப்பிள் பழத்துடன் புகையிரதத்தில் வந்திறங்குபவரே எங்கள் ஐயா. 1958 ஆம் ஆண்டு வைகாசிக் கலவரத்தின் பின்னர், அகதிகளை ஏற்றிய கப்பலிலே காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவர் கையிலே பெட்டி இல்லை. உரிய காலத்துக்கு முன்னரே ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு தோட்டம் செய்தார். கொழும்பு என்ற சொல்லே அதன்பின் எங்கள் வீட்டில் அருகியது. நாங்களும் கேட்பதில்லை.

நான் பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று, யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்து மேடையிலே, அவர் என் சட்டைப் பையில் ஒரு கடித உறையை வைத்தார். உள்ளே நாற்பத்தொரு ரூபாவும், ஒரு கடையின் அடையாளம் எழுதிய துண்டும் இருந்தன.

"தம்பி, இது கடன். கடைக் கொப்பியிலே இருக்கிற கணக்கு. காசுக்கட்டளையிலே அனுப்பிற கடனில்லை இது, கையிலே குடுக்கவேணும். போன உடனே குடுத்துவிடு" என்றார். பத்து வருடக் கடன்! அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லாமல், வண்டி புறப்படுமுன்னரே திரும்பிப் போய்விட்டார்.

போன உடனே நான் கொடுக்கவில்லை.

முதற் போயா தினத்தன்று கொட்டாஞ்சேனைக்கே போவதாகத்தான் புறப்பட்டேன். ஆனால் கல்கிசையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் கரையோரப் புகையிரதத்தில் ஏறி இடப்பக்கத்து யன்னலோரம் இருந்த ஒருவன், தான் போகும் காரியத்தை நினைவில் வைத்திருப்பது அரிது. 1877 ஆம் ஆண்டு முதல் ஓடும் பாதை அது. தெகிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று ஒவ்வொரு நிலையத்திலும் மேடைக்கு அப்பால் உடனே கடல். ஆனி ஆடி மாதங்களின் தென்மேல் பருவக்காற்றிலே திரை எழுந்து பாறையில் மோதும்போது, அதன் சாரல் வண்டிக்குள்ளே வந்து பத்திரிகை படிப்பவரின் பத்திரிகையை நனைக்கும். அவர் பத்திரிகையை மறுபுறம் திருப்பிக்கொண்டு படிப்பாரேயன்றி யன்னலை மூடமாட்டார். யாழ்ப்பாணத்தின் கடல் ஆழமில்லாத, அடக்கமான கடல். இப்படி வாசலில் வந்து நின்று சத்தமிடும் கடலை நான் அதுவரை கண்டதில்லை.

கோட்டையில் இறங்கியவன் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறாமல், மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்க்கப் போனேன். அந்தக் கோபுரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. 1857 ஆம் ஆண்டளவிலே கட்டப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம், பத்தாண்டு கழிந்து 1867 இல் தலையிலே ஒரு விளக்கையும் ஏற்றுக்கொண்டு கலங்கரை விளக்கமுமாயிற்று. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் எழுந்து ஒளியை மறைக்கவே, 1952 இல் விளக்கு அணைக்கப்பட்டது, மணிக்கூடு நிலைத்தது. அதை வரைந்தவர் தேசாதிபதி வார்டின் மனைவியார் என்பர். கணவரோ 1859 இல் காலிமுகத் திடலை அமைத்து, கொழும்பு மாதரும் சிறுவரும் உலாவுவதற்காக அதனைப் பேணுமாறு பின்வரும் தேசாதிபதிகளுக்கு ஒரு கல்லிலே எழுதிவைத்தவர். மனைவி கட்டிய கோபுரத்திலிருந்து கணவர் அமைத்த திடலுக்கு நடந்து போனேன். திடலின் தென்கோடியிலே, 1864 இலே திறந்த காலிமுக ஹோட்டல் இருக்கின்றது.

அங்கேதான் வழுக்கினேன். வெள்ளைச் சீருடை அணிந்த பணியாளர் ஒருவர் கதவைத் திறந்து, என்னை ஏதோ ஒரு கனவான் என்று எண்ணித் தலைவணங்கிவிட்டார். அந்த வணக்கத்துக்குப் பிறகு திரும்பிப் போக மனம் வரவில்லை. கடல் பார்க்கும் தாழ்வாரத்திலே பிரம்பு நாற்காலியில் இருந்து, தேநீரும் ஒரு துண்டு கேக்கும் அருந்தினேன். சிட்டை வந்தது. என் சொந்தப் பணப்பையிலே அதற்குப் போதிய பணம் இல்லை. ஐயாவின் உறையிலிருந்து ஐந்து ரூபாவை எடுத்தேன். பயிற்சிப் படி கிடைத்தவுடன் வைத்துவிடலாம் என்று எண்ணினேன்.

ஓர் உறையை ஒரு முறை திறந்தபின் அது உறையாக இருப்பதில்லை. அடுத்த போயாவுக்கு ஒரு நியாயம் கிடைத்தது: உறையில் ஐந்து ரூபா குறைகிறதே, குறைந்த பணத்துடன் எப்படிப் போவது? ஆகவே தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போனேன். ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர் மிருகங்களைச் சேர்த்து வைத்த இடத்தை 1936 இல் அரசாங்கம் பொறுப்பேற்று நடத்தியது. மாலையிலே யானைகள் வரிசையாக வந்து நடனமாடும். ஜனங்கள் கைதட்டுவார்கள். அவற்றுள் ஒரு யானை தாளம் தவறிக்கொண்டே இருந்தது. அதன்மேல் எனக்கு அனுதாபம் பிறந்தது என்பதைத் தவிர அங்கு எழுதத்தக்கது வேறொன்றுமில்லை.

துறைமுகத்தைப் பார்த்ததை மாத்திரம் இன்றும் பயன் என்று சொல்வேன். வேலைத்தளத்து அதிகாரி ஒருவர் தந்த கடிதத்துடன் உட்சென்று, தென்மேற்கு அலைதடுப்பைக் கண்டேன். 1875 இலே வேல்ஸ் இளவரசர் முதற்கல் நாட்ட, 1885 இலே முடிந்த வேலை. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட நீளம். அதற்குமுன் பெருங்கப்பல்கள் காலியையே நாடின. அந்தக் கற்சுவர் எழுந்தபின் காலி உறங்கிற்று, கொழும்பு விழித்தது. ஒரு நகரத்தின் தலையெழுத்தை ஒரு சுவர் மாற்றியதென்பது புத்தகத்தில் படித்தாலும் விளங்காது. பருவக்காற்றிலே, அலை முழு உயரத்துக்கு எழுந்து சுவரின் மேலாகப் பாய்ந்து வெண்புகையாய்ச் சிதறுவதையும், இப்பால் கப்பல்கள் குளத்திலே நிற்பனபோல் அசையாமல் நிற்பதையும் ஒருங்கே காணவேண்டும். அங்கிருந்து கிழக்கே, ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், கொட்டாஞ்சேனைச் சாந்த லூசியா தேவாலயத்தின் பெரிய கும்மட்டம் தெரிந்தது. வேறு பக்கம் பார்த்தேன்.

ஆடிப் பூரணையும் வந்தது. செட்டியார் தெருவிலிருந்து வேலிரதம் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு எழுந்தருளும் நாள். வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் அன்று யாழ்ப்பாணமாகவே மாறியிருந்தன. காலி வீதியின் இருமருங்கும் கரும்புக் கட்டுகளும் கடலை வண்டிகளும். வெள்ளை மாடுகள் பூட்டிய இரதம் அடிக்கடி நின்று நின்று வந்தது. பக்கத்திலே ஒரு சிங்களத் தாய், தன் குழந்தையைத் தோளிலே தூக்கிவைத்து, இரு கையையும் சேர்த்துக் கும்பிடுவித்துக்கொண்டிருந்தாள். நான் கரும்பு வாங்கினேன். அதுவும் உறையிலிருந்தே.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு ரூபாவில் எஞ்சியது இருபத்தாறு.

வேலைத்தளத்திலே என்னைப் பழக்கியவர் ஒரு சிங்கள பிற்றர். ஐம்பது வயதிருக்கும். மொறட்டுவையிலே பிறந்தவர். எஞ்சினின் நெஞ்சிலே காதை வைத்து நோயைச் சொல்லுவார். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அரைகுறை ஆங்கிலத்திலே பேசினோம். ஒவ்வொரு ஓய்வு நாளும் நான் ஊர் பார்க்கப் போவதைக் கேட்டு வியந்து, "நான் கொழும்பிலே முப்பது வருடம் வேலை செய்கிறேன், நூதனசாலைக்கு ஒரு நாளும் போகவில்லை" என்றார். அடுத்த போயாவுக்கு இருவருமாகப் போனோம். அவர் வெள்ளைச் சாரமும் சட்டையும் உடுத்து, வெள்ளையடித்ததுபோலப் பளிச்சென்று வந்தார். நான் அவரை முதலில் அடையாளங் கண்டுகொள்ளவில்லை.

1877 ஆம் ஆண்டு புதுவருட தினத்தன்று தேசாதிபதி கிரெகரியின் காலத்தில் திறந்த வெண்மாளிகை அது. கண்டி அரசரின் சிங்காசனத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். மரவேலையிலே அவருக்கு ஆர்வம். நானோ ஒரு கல்லைத் தேடி அவரை அழைத்துச் சென்றேன். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்து நாட்டிய கல். அதிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. சீனத்திலே புத்தருக்கும், தமிழிலே தென்கோடித் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்திலே அல்லாவுக்குமாக மூவகைக் காணிக்கைகள் கூறப்படுகின்றன. காலியிலே ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்த அதனை 1911 இல் கண்டெடுத்தவர் ஒரு பொறியியலாளர். இவற்றையெல்லாம் நான் முன்னரே படித்து வைத்திருந்தேன். நம் தமிழ் ஐந்நூறு ஆண்டுக்கு முன்னரே இந்நாட்டில் அரச மொழிகளுக்குச் சமமாகக் கல்லிலே நின்றது என்பதை அவருக்குக் காட்டவேண்டும் என்பதே என் உள்நோக்கம். 1956 இன் பின் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு அப்படி ஒரு தவிப்பு இருந்தது.

அவர் கல்லின் முன்னே நின்று, மிகவும் மரியாதையாக, "வாசியும், கேட்போம்" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். எழுத்துக்கள் தேய்ந்திருந்தன. தேயாதவையும் நம் பாடப்புத்தக எழுத்துக்களாக இல்லை. இரண்டொன்றை ஊகித்தேன், ஒரு சொல்லாயினும் கூட்டி வாசிக்க இயலவில்லை. கல்லூரியிலே தமிழுக்குப் பரிசு வாங்கியவன், வியர்த்துப்போய் நின்றேன். அவர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, நீரும் என்னைப்போலத்தான்" என்று சொல்லித் தோளிலே தட்டினார். அதிலே ஏளனம் ஒரு சிறிதும் இல்லை.

பக்கத்துப் பூங்காவிலே மரநிழலில் அவரது மனைவி வாழையிலையில் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதியை இருவரும் பிரித்து உண்டோம். அப்போதுதான் உறையின் கதையை அவருக்குச் சொன்னேன். தாயிடத்தும் சொல்லாததை ஏன் அவரிடத்துச் சொன்னேனோ அறியேன். கல்லுக்கு முன்னே தோற்றவனுக்கு மறைக்க வேறொன்றும் இருக்கவில்லைபோலும். எவ்வளவு குறைகிறது என்று மாத்திரம் கேட்டார். மறுநாள் தொடக்கம் மதிய வேளையில் அவர் கையில் இரண்டு சோற்றுப் பொதிகள் இருந்தன. நான் மறுத்தபோது, "மனைவி கட்டிவிட்டாள், திருப்பிக் கொண்டுபோனால் ஏசுவாள்" என்றார். மதிய உணவுச் செலவு மிஞ்சியது. சினிமாவை விட்டேன். பயிற்சிப் படியும் கிடைத்தது. ஒன்பதாம் வாரம் உறையிலே மீண்டும் நாற்பத்தொரு ரூபா இருந்தது.

அந்த வாரங்களிலே அவர் எனக்கு ஒரு சிங்கள வாக்கியத்தையும் பயிற்றினார். "மம ஆவே தாத்தாகே ணய கெவன்ன." தந்தையின் கடனைக் கொடுக்க வந்தேன் என்பது பொருள். சிங்களத்திலே தாத்தா என்றால் தந்தை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எஞ்சினின் அடியிலே படுத்துக்கொண்டு அதை மந்திரம்போல் உருப்போட்டேன்.

பத்தாம் வாரத்து அரைநாள் விடுமுறையிலே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அப்போதும் நேரே போகவில்லை. முதலிலே சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள், தந்தையார் கட்டிய கோயிலைக் கருங்கல்லாலே புதுப்பித்தெழுப்பிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்துக்குச் சென்றேன். வெளியிலே நண்பகல் வெயில். உள்ளே ஒரு குகையின் குளிர்மையும் இருளும். நான்கு பக்கமும் ஒரே கல், தூண்களும் கல், கூரையும் கல். ஐயா வெள்ளிக்கிழமைகளில் இங்கே வந்திருப்பார் என்ற எண்ணம் அப்போதுதான் எழுந்தது. இந்தத் தூண்களில் எதன் அருகே நிற்பார்? தெரியவில்லை. அங்கிருந்து மேட்டிலே ஏறி, ஒல்லாந்தர் 1749 இலே தொடங்கி 1757 இலே முடித்த வுல்வெண்டால் தேவாலயத்தையும் பார்த்தேன். ஐந்தடி தடித்த சுவர். ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பெயருக்குப் பொருள் சொல்வர்; ஓநாயே இல்லாத நாட்டிலே ஒல்லாந்தர் நரியைப் பார்த்து அப்படிப் பெயரிட்டனர் போலும். பார்ப்பதற்கு இனி ஒன்றும் எஞ்சாதபோது, ஒழுங்கைக்குள் இறங்கினேன்.

கடை இருந்தது. துண்டிலே எழுதியபடியே, முன்னே வாழைக்குலைகள் தொங்க, மூலையிலே மண்ணெண்ணெய்ப் பீப்பாவுடன் இருந்தது. தராசுக்குப் பின்னே ஒரு முதியவர். நான் கைகட்டி நின்று, ஆறு வாரம் உருப்போட்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, "தம்பி, நீங்க பெரியய்யாட மகனா?" என்று தமிழிலே கேட்டார்.

கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடம் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளிக்குத் தமிழ் தெரியாதிருக்குமா என்பதை நானும் பிற்றரும் ஒரு போதும் எண்ணிப் பார்க்கவில்லை. முகச்சாயலைக் கொண்டே கண்டுபிடித்துவிட்டார். ஓர் ஆசனம் வந்தது. பால் விடாத தேநீரும் இரண்டு மலிபன் பிஸ்கற்றும் வந்தன. ஐயாவின் சுகத்தை விசாரித்தார். தோட்டம் செய்கிறார் என்றபோது சிரித்து, "அவருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?" என்றார். நான் உறையை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்வார், கண்கலங்குவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் நோட்டுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பின்பு உள்ளே போய், கயிற்றாற் கட்டிய பழைய கொப்பிகளில் ஒன்றை எடுத்துவந்து, தூசி தட்டி, பக்கத்தைக் கண்டுபிடித்து, விரலை ஓட்டினார்.

"நாற்பத்து மூன்று முப்பது. இரண்டு ரூபா முப்பது சதம் குறையுது, தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. ஐயா கணக்கிலே பிழைவிடும் மனிதரல்லர். கந்தோரிலே ஒரு சதம் பிசகினாலும் விளக்கு வைத்துத் தேடுபவர் என்று பெயர் வாங்கியவர். கொப்பியைத் திருப்பிக் காட்டினார். கணக்கெல்லாம் முதலாளியின் சிங்கள எழுத்தில் இருந்தது. கடைசி வரிகள் இரண்டு மட்டும் ஆங்கிலத்தில், நான் நன்கறிந்த சாய்ந்த கையெழுத்தில், பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. பாண், சீனி, மெழுகுதிரி, அதற்கெதிரே தொகை. 1958 மே மாதத்தின் கடைசித் திகதிகள் இரண்டு.

"இது?" என்றேன்.

அவர் பேசாமல் மேலே காட்டினார். கடையின் உட்புறத்திலே, மரக்கறிச் சாக்குகளும் வெற்றுப் பெட்டிகளும் அடுக்கும் ஒரு பரண் இருந்தது. ஏணி சாய்த்திருந்தது. நிமிர்ந்து இருக்கவும் உயரம் போதாத பரண்.

"இரண்டு ராத்திரி. வெளியில சத்தம். விடிஞ்ச உடனே இறங்கி வந்து, ராத்திரிச் சாப்பாட்டை எழுதுங்க முதலாளி என்கிறார். இந்த நேரத்தில என்ன கணக்கு ஐயா என்று ஏசினேன். கொப்பியைப் பறிச்சுத் தானே எழுதிட்டார்" என்றார். சொல்லிவிட்டு, வந்த ஒரு சிறுமிக்குக் கால் றாத்தல் பருப்பு நிறுத்துக் கொடுத்தார்.

என் பணப்பையிலே இரண்டு ரூபா ஐம்பது சதம் இருந்தது. கொடுத்தேன். இருபது சதம் மிச்சம் தந்தார். கொப்பியின் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு நீண்ட கோடு இழுத்து, திகதி போட்டு, என்னையும் கையொப்பம் இடச் சொன்னார். ஐயாவின் பென்சில் எழுத்துக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

பஸ்ஸுக்குப் பணமில்லை, கோட்டை நிலையத்துக்கு நடந்தேன். கல்கிசை வரைக்கும் சீசன் ரிக்கற் இருந்தது. வழியிலே செட்டியார் தெரு, பிரதான வீதி, சிவப்புப் பள்ளிவாசல் எல்லாம் வந்தன. ஒன்றையும் நின்று பார்க்கவில்லை. வண்டியிலே இம்முறை கடற்பக்கம் இருந்தும், யன்னலுக்கு வெளியே என்ன கண்டேன் என்று ஞாபகமில்லை.

அன்றிரவே ஐயாவுக்குத் தபாலட்டை எழுதினேன். கடன் தீர்ந்தது, கணக்கு நாற்பத்து மூன்று ரூபா முப்பது சதம், மிகுதியை நான் கொடுத்தேன், முதலாளி சுகம் விசாரித்தார் என்று மட்டும் எழுதினேன். பரணைப் பற்றி எழுதவில்லை. உறையைப் பற்றியும் எழுதவில்லை. பின்னர் அவர் வாழ்ந்திருந்த பதினாறு வருடங்களிலும் இரண்டையும் பற்றி நாங்கள் பேசியதில்லை. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, வெள்ளவத்தையில் வாடகைக்கிருந்த என் குடும்பம் இரத்மலானை விமானத்தள முகாமுக்குப் போய், கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோதும், துறைமுகத்துக்கு வந்து நின்ற அவர், "பிள்ளைகள் சாப்பிட்டதோ?" என்று மாத்திரம் கேட்டார்.

அதற்குப் பின்னர் கொழும்பு பலவாறு மாறிவிட்டது. 1982 இலேயே பாராளுமன்றம் கோட்டேயிற் புதிய மண்டபத்துக்குப் போய்விட்டது. 2014 தொடக்கம் காலிமுகத் திடலின் முன்னே கடலைத் தூர்த்துத் துறைமுக நகரம் எழுப்புகின்றனர். 2019 இலே தாமரைக் கோபுரமும் திறக்கப்பட்டது. மேலேறி முழு நகரையும் ஒரே பார்வையில் பார்க்கலாமாம். என் பேரன் அழைத்தான். முழங்காலைச் சாட்டிக் கீழேயே இருந்துவிட்டேன்.

பயிற்சி முடிந்து பேராதனைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம், விடுதி விலாசத்துக்கு ஐயாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊரிலே மழை இல்லை, மிளகாய்க் கன்றுகளுக்கு நீர் இறைக்கிறோம், படிப்பைக் கவனி என்று நான்கு வரிகள். உள்ளே இரண்டு ரூபா முப்பது சதத்துக்கு ஒரு தபாற்கட்டளை. நான் அதனை மாற்றவில்லை. என் சான்றிதழ்களோடு ஊர்வீட்டு அலுமாரியிலே நெடுங்காலம் இருந்தது. 1995 ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறிய இரவில், சான்றிதழ்களை எடுத்தவர்கள் அதை எடுக்க மறந்துவிட்டார்கள்.